அம்மா மண்டபம் ரோட்டுக்கு சூப்பர்சார்ஜரா?

நேற்று பழைய மாணவன் ஒருவன் வந்தான். தன் ஸ்விஃப்ட்டில் சூப்பர்சார்ஜர் மாட்டப் போகிறானாம். "ரூட்ஸா, சென்ட்ரிஃபியூகலா, எது சார் நல்லது?" முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனிடம் கேட்டால் பதில் வராமல் இருக்குமா?

சென்ட்ரிஃபியூகலில் காற்றழுத்தம் ஏறக்குறைய சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். எஞ்சின் பாதி வேகத்தில் ஓடினால் பூஸ்ட் கால்வாசிதான். அம்மா மண்டபம் ரோட்டில் இரண்டாவது கியரில் ஊர்கிறவனுக்கு அது சும்மா சுற்றுகிற சக்கரம். ரூட்ஸ், குறைந்த வேகத்திலேயே அழுத்தம் தரும், உண்மைதான். ஆனால் காற்றைச் சூடாக்கிவிடும். சூடு மிஞ்சினால் எஞ்சின் நாக் அடிக்கும், பிஸ்டன் போகும். இரண்டுமே எஞ்சினின் சக்தியைத்தான் பெல்ட் வழியாகத் தின்று ஓடுகின்றன.

சரி, வேகம் கிடைத்தது. பிரேக் பழையதுதானே? 40-இல் போகிற கார் 80-இல் போனால், பிரேக் பிடித்தபின் நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். காவிரிப் பாலத்தில் அந்தத் தூரம் எங்கே இருக்கிறது? விடியற்காலையில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு ரோட்டைக் கடக்கிற பாட்டிக்கு உன் பூஸ்ட் கணக்கு தெரியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதையெல்லாம் அவனுக்காக மட்டும் எழுதவில்லை. கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டுகிற அப்பாக்களே, உங்களுக்கும்தான்.

"அந்தக் காசில் நாலு நல்ல டயர் போடுடா, பிரேக்கைப் பார்" என்றேன். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.