மேக்ரோ கீபேடும் பௌர்ணமி பில்லும்

கம்ப்யூட்டரில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்காக ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். பெயர் மேக்ரோ கீபேட். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மூன்று பட்டனில் ஆரம்பித்து பன்னிரண்டு, பதினாறு பட்டன் வரை உண்டு. சிலவற்றில் பழைய ரேடியோவில் இருந்த மாதிரி ஒரு திருகும் இருக்கும். யுஎஸ்பி வயரைச் செருகினால் போதும், கம்ப்யூட்டர் அதை இன்னொரு கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளும். எந்த பட்டனுக்கு என்ன வேலை என்பதை வாங்குகிறவரே எழுதி வைக்கலாம். ஒரே அழுத்தில் முழு முகவரி வந்து விழும், அல்லது ஏழெட்டு கீக்கள் வரிசையாக அழுத்தப்பட்ட மாதிரி ஒரு வேலை முடிந்துவிடும்.

வீடியோ எடிட் செய்கிறவர்களும் கேம் ஆடுகிறவர்களும்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதற்கு உண்மையான வேலை இருப்பது திருவண்ணாமலை போன்ற ஊரில்தான். பௌர்ணமிக்கு முந்தின நாள் லாட்ஜ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர், ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு அடித்துக் கொடுப்பவர், ஆடிட்டர் ஆபீஸில் டேலி போடுகிறவர் எல்லோரும் ஒரு நாளைக்கு ஒரே வரியை எத்தனை முறை அடிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இவர்கள் மேஜையில் இந்தப் பெட்டி இருக்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் வேறு இடத்தில். எதை அந்தப் பட்டனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் டேலி. சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அங்கே இந்தப் பெட்டிக்குப் பெரிய தேவை இல்லை. டேலியே பாதி மேக்ரோ கீபேட்தான். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் வவுச்சர் சேமிக்கப்படும். ஆல்ட்-2 அழுத்தினால் ஏற்கெனவே போட்ட வவுச்சருக்கு ஒரு நகல் கிடைக்கும். கன்ட்ரோல்-ஆர் முந்தின நரேஷனைத் திரும்பக் கொண்டுவரும். இதெல்லாம் தெரியாமல் மௌஸைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் கீபேட் வாங்கினால் செலவுதான் மிச்சம். பி.காம். படிக்கும்போதே டேலி கோர்ஸ் முடித்தவர்களில்கூட நிறையப் பேர் எஃப் வரிசையோடு நின்றுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது லாட்ஜுக்கு வருவோம். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து, 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, ஒரே நேரத்தில் அறையைக் காலி செய்யும். காலையில் கவுன்ட்டரில் வரிசை நிற்கும். பில் போடுகிறவர் அறை வாடகை, மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி, மொத்தம், பிரின்ட் என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கீபேட் வாங்கிய கையோடு எவருக்கும் தோன்றுவது, இந்த முழுச் சங்கிலியையும் ஒரு பட்டனில் போட்டுவிடலாம் என்பதுதான். இங்கேதான் வில்லங்கம்.

லாட்ஜ் அறைகளின் வரியைப் பாருங்கள். நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு மேல் போகாத அறைக்கு வரியே இல்லை என்ற நிலை 2022 ஜூலை 18 அன்று மாறி, 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் ஆனது, உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்ற நிபந்தனையோடு. அதாவது 6 + 6 என்று இருந்தது ஒரே நாளில் 2.5 + 2.5 ஆகிவிட்டது. கீபேடுக்குள் 6, டேப், 6, என்டர் என்று எழுதி வைத்திருந்தால் அதற்கு இந்தச் செய்தி எப்படித் தெரியும்? அது பேப்பர் படிப்பதில்லை. 1,500 ரூபாய் அறைக்கு வரி 75 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 180 போடும். ஒரு பில்லுக்கு 105 ரூபாய் அதிகம். நாற்பது பில் போட்டால் 4,200 ரூபாய் மற்றவர் பணம். அதை லாட்ஜ்காரர் வைத்துக்கொள்ளவும் முடியாது. வரி என்று சொல்லி வசூலித்த தொகையை அரசுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 76ஆவது பிரிவு. திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு பில்லுக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். பில் வாங்கியவரோ அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

கையால் அடிப்பவரும் தவறு செய்வார். ஆனால் கையால் அடிப்பவர் பத்துப் பதினைந்து பில்லில் ஒரு முறையாவது திரையைப் பார்ப்பார், "என்ன இது, இன்னும் பன்னிரண்டா?" என்று உறைக்கும். பட்டன் அந்த உறைப்பையும் சேர்த்து மிச்சப்படுத்திவிடுகிறது. அதனால் வரி விகிதம் பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். புதிய பில்லைத் திற, அறை எண் கட்டத்துக்குப் போ, கடைசியில் பிரின்ட் கொடு. இவ்வளவுதான் பட்டன் செய்ய வேண்டிய வேலை. பணம் சம்பந்தப்பட்ட எந்த எண்ணும் கீபேடுக்குள் போகக் கூடாது.

ரமணாசிரமம் இருக்கிற ஊர் என்பதால் வெளிநாட்டவர் வருகை அதிகம். அவர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜ்காரர்கள் பல வருடங்களாக இதை சி-ஃபார்ம் என்றுதான் சொல்கிறார்கள். முகவரி, மாவட்டம், மாநிலம், தொலைபேசி எண் எல்லாம் யார் வந்தாலும் ஒன்றேதான், தாராளமாகப் பட்டனில் போடலாம். ஆனால் "வந்த நோக்கம்" என்ற கட்டம் இருக்கிறதே, அதையும் சேர்த்து "சுற்றுலா" என்று போட்டுவிட்டால்? வருகிறவர் எல்லோரும் சுற்றுலா விசாவில் வருவதில்லை. ஒரு நொடி மிச்சம் பிடித்ததற்கு ஒருவருடைய அரசுப் பதிவில் தவறான தகவல் ஏறும். இன்னொன்று, கீபேடுக்குக் கண் கிடையாது. இணையப் பக்கம் மெதுவாகத் திறந்தாலோ, ஒரு கட்டம் இடம் மாறினாலோ, அது பாட்டுக்கு மாவட்டத்தின் பெயரைப் பாஸ்போர்ட் எண் கட்டத்தில் அடித்துவிட்டுப் போகும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது. கீபேட் வாங்கி "திருவண்ணாமலை" என்று ஒரு பட்டனில் பதிந்து வைப்பார்கள். அடுத்த நாள் அழுத்தினால் ஆங்கில எழுத்துகள் சம்பந்தமே இல்லாமல் கொட்டும். பெட்டி பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பழுதே இல்லை. எந்தக் கீபோர்டும் எழுத்தை அனுப்புவதில்லை. எத்தனையாவது கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது கம்ப்யூட்டர். தமிழ்99 முறையில் பதிந்ததை, கம்ப்யூட்டர் ஆங்கிலத்திலோ பழைய தட்டச்சு முறையிலோ இருக்கும்போது அழுத்தினால் குப்பைதான் வரும்.

இதற்கு வழி இருக்கிறது. கீபேடில் வாசகத்தைப் பதியாமல், எஃப்13 என்ற ஒரே ஒரு கீயை மட்டும் பதிய வேண்டும். சாதாரணக் கீபோர்டில் எஃப்12 வரைதான் இருக்கும், ஆனால் எஃப்24 வரை விண்டோஸுக்குத் தெரியும். பழைய ஐபிஎம் மெயின்ஃபிரேம் டெர்மினல் கீபோர்டுகளில் 24 ஃபங்ஷன் கீக்கள் நிஜமாகவே இருந்தன, அந்த மிச்சம் இது. வேறு எந்த வேலைக்கும் பயன்படாததால் மோதலும் வராது. எஃப்13 வந்தால் இந்தத் தமிழ் வரியைப் போடு என்று ஆட்டோஹாட்கீ என்ற இலவச சாஃப்ட்வேரில் யூனிகோடில் எழுதி வைத்தால், கீபோர்டு எந்த மொழியில் இருந்தாலும் சரியாக விழும். இப்படிச் செய்தால் விலை உயர்ந்த பெட்டிகூடத் தேவையில்லை, பல கடைகளில் மூலையில் கிடக்கும் தனி நம்பர் பேடையே பழக்கிவிடலாம்.

அதற்கு முன் தமிழ்99 கற்றுக்கொள்வது நல்லது. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த முறையில் உயிர் இடது கையில், மெய் வலது கையில். க-வை இரண்டு முறை அழுத்தினால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். ந அழுத்தித் த அழுத்தினால் ந்த. மொழியில் எது எதோடு சேரும் என்று யோசித்துச் செய்த வேலை அது. பன்னிரண்டு பட்டன் பெட்டி மிச்சப்படுத்துவதைவிட நாள் முழுக்க அடிப்பவருக்கு இது மிச்சப்படுத்துவது அதிகம்.

கடைசியாக மனு. திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். கிராமங்களில் இருந்து வருகிறவர்கள் வெளியே மனு அடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். மனுவில் "பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்" என்ற பகுதியை ஒரு பட்டனில் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குக் கீழே உள்ளதுதான் சிக்கல். பட்டா மாறுதலுக்கு ஒரு பட்டன், முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பட்டன், "மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன், மிகவும் ஏழ்மை நிலையில் உள்ளேன்" என்று ஒரு முழுப் பக்கம் வந்து விழும்படி வைத்துக்கொண்டால் பத்து நிமிட வேலை ஒரு நிமிடத்தில் முடியும். மனு கொடுப்பவருக்கும் பக்கம் நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி. ஆனால் அந்த ஆயாவுக்கு எந்த மாதத்தில் பணம் நின்றது, எந்த சர்வே எண்ணில் தகராறு, போன முறை கொடுத்த மனுவின் எண் என்ன என்பதெல்லாம் எங்கே போயிற்று? உள்ளே இருப்பவர் ஒரு முடிவு எடுக்கத் தேவையானவை அவைதான். ஒரே மாதிரி நூறு மனு வந்தால், படிப்பவர் கண்ணுக்கு நூறும் ஒன்றாகத்தான் தெரியும்.

பட்டனை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை, திருப்பி வைக்கலாம். பதிலை அடிக்கும் பட்டனுக்குப் பதிலாகக் கேள்வி கேட்கும் பட்டன். ஆட்டோஹாட்கீயில் இது சுலபம்: அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் திறந்து "சர்வே எண்?" என்று கேட்கும், அடுத்து "எந்தத் தேதியில் இருந்து?", அடுத்து "முன்பு மனு கொடுத்தீர்களா, அதன் எண்?". விடை கிடைத்த பிறகுதான் மனுவின் உருவம் வரும். அடிப்பவர் கேட்க மறந்தாலும் பெட்டி மறக்காது. லாட்ஜ் கவுன்ட்டரில் "வந்த நோக்கம்" கட்டத்துக்கும் இதே வைத்தியம்தான்.

"ஒரு பட்டன் அழுத்துவதற்கா இவ்வளவு காசு?" என்று மனு கொடுப்பவர் கேட்கலாமா? கூடாது, கேள்வி கேட்டு எழுதியிருந்தால். அவர் கொடுப்பது என்ன எழுத வேண்டும் என்று தெரிந்ததற்கான கூலி, விரல் அசைந்ததற்கு இல்லை. எல்லோருக்கும் ஒரே பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தால் தாராளமாகக் கேட்கலாம்.

அதேபோல் பட்டன்களில் என்ன வேலை என்பதை முதலாளி வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. எந்த இடத்தில் கை வலிக்கிறது, எந்த இடத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று மேஜையில் இருப்பவருக்குத்தான் தெரியும். கடவுச்சொல்லை மட்டும் யார் கேட்டாலும் பட்டனில் வைக்கக் கூடாது. நோட்பேடைத் திறந்து அந்தப் பட்டனை அழுத்தினால் எவர் வேண்டுமானாலும் படித்துவிடலாம். பக்கத்தில் ஒரு பாக்கெட் நோட்டு போட்டு, எந்தப் பட்டனில் என்ன, எந்தத் தேதியில் யார் பதிந்தது என்று எழுதி வைத்தால், அந்த ஆள் வேலையை விட்டுப் போன பிறகு வருகிறவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.