கல்லாவை விட்டு எழுந்திருங்கள்!

காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால், இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறார் நம் ஊர்க் கடைக்காரர். நடுவில் நாலு டீ, ரெண்டு வடை, மத்தியானம் ஒரு ஃபுல் மீல்ஸ். எல்லாம் அவர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது.

ஆபீஸ் குமாஸ்தாவின் கதையும் இதேதான். நாற்காலி மட்டும்தான் வேறு! மின்சார ரயிலில் இடம் கிடைத்தால் அங்கேயும் உட்கார்ந்து விடுகிறார். வீட்டுக்கு வந்தால் டி.வி. முன்னால். போதாக்குறைக்கு இப்போது கையில் செல்போன் வேறு.

"கொஞ்சம் நடக்கக் கூடாதா?" என்று கேட்டால், "எங்கே சார் நேரம்?" என்கிறார்கள்.

நேரம் இல்லைதான். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சர்க்கரையும், ரத்தக் கொதிப்பும், மாரடைப்பும் நேரம் கேட்டுக்கொண்டா வருகின்றன? ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க நேர்ந்தால் அப்போது கடையை யார் பார்ப்பது?

இது பயமுறுத்தல் அல்ல, கணக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. நோயின் வாசற்படியில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர்!

இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். அவர்களில் பலர் வாசற்படியிலிருந்து திரும்பி விடலாம். அதற்கு வேண்டியது சாப்பாட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு. காலுக்குக் கொஞ்சம் வேலை.

டிரைவரும் கண்டக்டரும்

லண்டன் மாநகர பஸ்களில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்தார். அதன் முடிவு 1953-ல் வந்தது. அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே நெரிசல். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு.

லண்டன் நமக்குத் தூரம் என்றால் வங்காளத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு சணல் ஆலையில் 213 பேரை ஆராய்ந்து 1956-ல் முடிவு வெளியிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர் முதல் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர் வரை அதில் இருந்தார்கள். உட்கார்ந்தே இருப்பவர் கொஞ்சமாகச் சாப்பிடுவார் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. லேசான வேலை செய்கிறவர்களைவிட உட்கார்ந்தே இருந்தவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்!

கல்லா நாற்காலி பசியைக் குறைப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

காசில்லாத வைத்தியம்

ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு வேலை செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் சரிதான்.

பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குங்கள். ரயில் நிலையத்தில் மாடிப்படி ஏறுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாயாமல் பத்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை மட்டுப்படும்.

எவ்வளவு வேகம்? நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

கடையை விட்டு நகர முடியாதா? வியாபாரம் இல்லாத நேரத்தில், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து எழுந்து உட்காருங்கள். தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி. கேட்ட சரக்கை எடுக்கப் பையனை ஏவாமல் நீங்களே எழுந்து போங்கள்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறோம். ஓடும் பஸ்ஸில் தொற்றுவதும், படிக்கட்டில் தொங்குவதும், தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவதும் உடற்பயிற்சி ஆகாது!

டீயில் இருக்கிறது விஷயம்

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. நாளுக்கு நாலு டீ என்றால் எட்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் நாலு கிராம் என்று வைத்தாலும் 32 கிராம் ஆகிறது. சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். டீயிலேயே வரம்பு தாண்டிவிட்டது. பிஸ்கட்டும் ஸ்வீட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை!

"சர்க்கரை கம்மி" என்று மாஸ்டரிடம் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்கு மேல் கூடாது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான். சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. மலை போல் குவிக்காமல் ஒரு கை குறைத்து, அந்த இடத்தில் கீரையோ, அவரையோ, கொத்தவரங்காயோ போட்டுக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய்கறியாக இருந்தால் சரி. சாயங்காலப் பசிக்குப் பஜ்ஜியைவிடச் சுண்டல் மேல்.

பஜ்ஜி என்றதும் ஒரு வார்த்தை. கறுத்துப்போன எண்ணெயில் போட்டதை வாங்காதீர்கள். பேப்பரில் வைத்து எண்ணெய் பிழியாதீர்கள். அச்சு மை பலகாரத்தில் ஒட்டும். அது உடம்புக்கு ஆகாது. பத்திரிகை படிப்பதற்கு, பஜ்ஜி மடிப்பதற்கு அல்ல. நம் பத்திரிகைக்கும் இது பொருந்தும்!

அவசரம் வேண்டாம்

நேற்று வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நாளைக் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடக் கிளம்ப வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றிக்கொண்டே போங்கள். நாற்பது தாண்டியவர்கள் முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது உத்தமம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் பார்க்கிறார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பட்டினி வயிற்றோடு நீண்ட தூரம் நடக்கக் கூடாது. திடீரென்று சர்க்கரை இறங்கினால் தலை சுற்றும், கை நடுங்கும், வியர்க்கும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்காதீர்கள். ராத்திரி படுக்குமுன் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சித்திரை வெயிலில் உச்சி நேர நடை வேண்டாம். காலையோ மாலையோ போதும். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சு முட்டல் என்று ஏதாவது வந்தால் உடனே நின்றுவிடுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்காமல், 108-க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான்.

எங்கே நடப்பது?

இத்தனையும் கேட்டுவிட்டு வாசகர் ஒரு கேள்வி கேட்பார். "நடக்கிறேன் சார், எங்கே நடக்கட்டும்?"

நியாயமான கேள்வி. சென்னையில் பல தெருக்களில் நடைபாதை பேருக்குத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள், ஒரு பக்கம் மின்சாரப் பெட்டி, நடுவில் திறந்த பள்ளம். வயசானவர்கள் ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடக்கிறார்கள்.

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டுக் காட்டவும் செய்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. இடைஞ்சல் இல்லாத நடைபாதை மக்களின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025-ல் சொல்லிவிட்டது. தி.நகருக்குக் கிடைத்தது வியாசர்பாடிக்கும் கிடைக்க வேண்டாமா?

அதற்காகக் கூடைக்காரம்மாவை விரட்டுவது பரிகாரம் ஆகாது. தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. முறையாக இடம் கொடுத்துவிட்டுப் பாதையைத் திறக்கட்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடைக்குள் இடம் இருந்தும், பத்து மூட்டையையும் விளம்பரப் பலகையையும் நடைபாதையில் தள்ளி வைக்கிறீர்கள். அந்த வழியில்தான் உங்கள் வாடிக்கைக்காரர் நடக்க வேண்டும். நாளைக்கு டாக்டர் சொன்னால் நீங்களும் அதே வழியில்தான் நடக்க வேண்டும்!

இன்று சாயங்காலமே ஆரம்பிக்கலாம். கல்லாவை விட்டு எழுந்து, வெளியே கிடக்கும் அந்த மூட்டைகளை நீங்களே உள்ளே எடுத்து வையுங்கள்.

உங்களுக்குப் பயிற்சி, ஊருக்குப் பாதை.