வால்ரஸ் சண்டையில் வீணானது எது?

ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் ஒரு குறியீட்டுக்காக மாதக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள், எல்லாம் வெட்டிச் சண்டை என்ற பேச்சு ஐடி வட்டாரத்தில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆதாரம் கேட்டால் பெரும்பாலும் கைநீட்டுவது 2018-இல் பைத்தான் மொழியில் நடந்த வால்ரஸ் சண்டையை நோக்கித்தான். பெப் 572 என்ற முன்மொழிவு, ஒரு கூற்றின் நடுவிலேயே ஒரு மதிப்புக்குப் பெயரிட உதவும் := என்ற குறியை மொழியில் சேர்க்கச் சொன்னது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் தந்தம் நீட்டிய வால்ரஸின் முகம் தெரியும். அதனால் அந்தப் பெயர். முன்மொழிவை ஏற்ற கையோடு, ஜூலை 12 அன்று, மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு குறி, ஒரு சண்டை, ஒரு தலைவர் காலி. கதை கச்சிதமாகத்தான் இருக்கிறது. கச்சிதமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

அற்ப விஷயத்துக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பது முதல் குற்றச்சாட்டு. இதற்கு 'சைக்கிள் கொட்டகை' என்றே ஒரு பெயர் உண்டு. அணுஉலைத் திட்டத்தை வாய்திறக்காமல் நிறைவேற்றும் குழு, சைக்கிள் கொட்டகை பற்றி மணிக்கணக்கில் பேசும் என்று எழுத்தாளர் பார்க்கின்சன் 1957-இல் எழுதினார். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழுவில் ஸ்லீப் கட்டளை பின்ன நொடிகளை ஏற்கலாமா என்று 1999-இல் சச்சரவு மூண்டபோது, பால்-ஹென்னிங் கேம்ப் அந்தக் கொட்டகையை நிரலாளர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் கொட்டகைக்கு அடுத்த வருடமே வேறு வர்ணம் அடிக்கலாம். மொழியில் சேர்த்த குறியை எடுத்தால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உடையும். அதோடு, லாபம் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு. எழுதுபவருக்கு ஒரு வரி மிச்சம்; முதல் வகுப்பில் '=' குறியையே விளக்கத் திணறும் ஆசிரியருக்குப் புதிதாக ஒரு தலைவலி. இதில் சரியான விடை என்று ஒன்று எங்கோ தயாராகக் காத்திருக்கவில்லை. யார் சுமப்பது என்பதே கேள்வி என்றால் குரல் உயரத்தான் செய்யும்.

கத்தியதால் எதுவும் மாறவில்லை என்கிறார்கள். இது வெறும் தகவல் பிழை. முதல் வரைவில் := குறியே கிடையாது; 'ஆஸ்' என்ற சொல்லை வைத்துத்தான் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் 'வித்' கூற்றில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது, இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து பொருள் மாறினால் படிப்பவர் ஏமாறுவார் என்ற காரணத்தால் அது போயிற்று. பெயரிட்ட மதிப்பு அந்த ஒரு கூற்றுக்குள் மட்டும் வாழும் என்ற தனி எல்லை விதியும் போயிற்று. எங்கே வேண்டுமானாலும் எழுதலாமா என்ற கவலைக்கும் விடை வந்தது. தனி வரியில், அடைப்புக்குறி இல்லாமல் := போட்டால் இன்று பைத்தான் அதைப் பிழை என்று திருப்பி அனுப்பும். வழக்கமான '=' குறிக்குப் போட்டியாக அது வளர்ந்துவிடக் கூடாது என்பதற்கான வேலி அது.

தேவையை நிறுவவும் வேண்டியிருந்தது. கைடோ ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த நிரல்களைத் தோண்டிப் பார்த்தார். ஒரு வரியை மிச்சம்பிடிக்க, ஒரே கணக்கீட்டை இரண்டு தடவை செய்து நிரலை மெதுவாக்கியிருந்தார்கள் சிலர். பைத்தான் குழுவைச் சேர்ந்த டிம் பீட்டர்ஸ் தன் நிரல்களையே புரட்டி, எங்கே இந்தக் குறி உதவும், எங்கே குழப்பும் என்று எழுதியது முன்மொழிவின் பின்னிணைப்பாகவே இருக்கிறது. தள்ளுபடியான மாற்று யோசனைகளும் காரணத்தோடு அங்கேயே உண்டு. எதிர்ப்பு இல்லாமல் இந்த வீட்டுப்பாடத்தை யார் செய்திருப்பார்கள்?

கம்பெனி என்றால் மேலாளர் ஐந்து நிமிடத்தில் முடித்துவைப்பார் என்பது இன்னொரு வாதம். கூகுள் சம்பளம் கொடுத்து வளர்க்கும் கோ மொழியைப் பாருங்கள். பிழைகளைக் கையாள 'ட்ரை' என்ற வசதியை 2019-இல் அந்தக் குழு முன்வைத்தது. எதிர்ப்பு மலைபோல் குவிந்தது. ஜூலையிலேயே திரும்பப் பெற்றார்கள். 2025-இல், பிழை கையாளலுக்கான இலக்கண மாற்றங்களை இப்போதைக்குத் தொடர்வதில்லை என்றே அறிவித்துவிட்டார்கள். ஐந்து நிமிடக் கதை அங்கேயும் நடக்கவில்லை.

சண்டை பிளவில்தான் முடியும் என்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் காட்டுகிறார்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி மென்பொருளை ஏற்கும் விவகாரத்தில் மனக்கசப்பும் விலகல்களும் இருந்தன, மறுக்கவில்லை. பிடிக்காதவர்கள் 2014-இல் டெவுவான் என்று தனியாகப் போனார்கள்; 2017-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். டெபியனும் ஓடுகிறது. தனிக்குடித்தனம் போக உரிமம் இடம்கொடுக்கிறது, போனார்கள். அவ்வளவுதான்.

சரி, கைடோ போனதற்கு என்ன பதில்? இனி ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராட விருப்பமில்லை, இத்தனை பேர் தன் முடிவுகளை வெறுப்பதைப் பார்க்கவும் விருப்பமில்லை என்ற பொருளில்தான் அவர் எழுதினார். அந்த வலி நிஜம். ஆனால் வெறுப்பு முழுவதும் ஒரே தலையில் இறங்க வழிசெய்தது எது? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இறுதிச் சொல் அவருடையது என்ற ஏற்பாடுதான். டெபியனில் அதே அளவு சூடு கிளம்பியபோது எட்டுப் பேர் தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு என்று நின்றது. விதிப்படி தலைவரின் தீர்மான வாக்கு முடித்துவைத்தது. பலருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, ஆனால் முடிக்க ஒரு வழி எழுதிவைத்திருந்தார்கள். பைத்தானில் அன்று கைடோவைத் தவிர வேறு வழி எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை. கைடோவும் வாரிசை நியமிக்க மறுத்து, நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று விட்டுவிட்டார். அதையும் அடித்துப்பிடித்துத்தான் தீர்த்தார்கள். போட்டியிட்ட பல திட்டங்களில் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு 2018 டிசம்பர் வாக்கெடுப்பில் வென்றது. ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கிருந்தால் குழுவையே கலைக்கலாம்.

ஒன்றை மட்டும் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். முன்மொழிவைத் தாக்குவது வேறு, முன்மொழிந்தவரைத் தாக்குவது வேறு. லினக்ஸ் கெர்னலில் இந்தக் கோடு பல வருடம் அழிந்தே கிடந்தது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்க வேண்டிவந்தது. வசவில்லாத சண்டையிலும் ஓர் அநியாயம் உண்டு. பகலெல்லாம் வேலைபார்த்து, பிள்ளைகளைத் தூங்கவைத்தபின் உட்காருபவரால் நாளுக்கு நூறு பதில் எழுத முடியாது. நேரம் இருப்பவர் வாதத்தில் ஜெயித்ததுபோல் தோன்றும். இதற்கு அமைதியாக இருங்கள் என்ற உபதேசம் உதவாது. பேச்சுக்கு ஒரு கடைசித் தேதி, ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு ஓர் உச்சவரம்பு, முடிவுசெய்பவர் யார் என்ற முன்னறிவிப்பு, இவை உதவும்.

விலகிய கைடோ என்ன ஆனார் என்பதைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 2019 தொடக்கத்தில் முதல் வழிகாட்டுக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. அவரும் நின்றார்; ஐந்து பேரில் ஒருவராகத் தேர்வானார். அந்த அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.8-இல் வால்ரஸ் இருந்தது.