4 கோடி டாலர் சம்பளம் நியாயமா?

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டக்காரருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம்! இது தகுமா?

"கோல்டன் ஸ்டேட்" அணி வீரர் ஸ்டெபன் கர்ரியைப் பாருங்கள். 2012-ம் ஆண்டில் அவருடன் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. 4 வருடத்துக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர்.

அப்போது அவருக்கு ஓயாத கணுக்கால் தொல்லை. இரண்டு ஆபரேஷன் நடந்திருந்தது. முந்தைய பருவத்தின் 66 ஆட்டங்களில் 26-ல்தான் ஆடினார்.

ஆனால் கால் தேறியது. 2015, 2016 இரண்டு ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்கே! 2015-ல் அணி 40 ஆண்டுக்குப் பின் பட்டம் வென்றது. அணிக்குக் கொள்ளை லாபம்.

அப்படியானால் அவர் ஏமாந்தாரா? இல்லை. கால் கெட்டிருந்தால் நஷ்டம் அணிக்கு. அவர் குடும்பத்துக்குக் கவலை இல்லை. அறுவடையைப் பார்த்துவிட்டு விதையின் விலையைக் குறை சொல்லலாமா? கையெழுத்திட்ட அன்று தெரிந்ததை வைத்தே எடை போட வேண்டும். அதுதான் நியாயம்!