13 இல்லாத ஊரில் ஒரு மாலை

கைடு வைத்துக்கொண்டு ஊர் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. மதுரையில் வளர்ந்தவளுக்கு அந்த ஒவ்வாமை இயல்பானது. கோபுர வாசலில் வெள்ளைக்காரர்களை வளைத்துப் பிடித்து, உள்ள கதை பாதி, அன்றைக்கு முளைத்த கதை பாதி என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்ததால் வந்தது. அதுவும் பழைய ஊர் என்றாலாவது சரி. ராஜா இங்கே குளித்தார், ராணி இங்கே குதித்தாள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எழுபது வயதுச் சொச்சம் ஆகிற ஊருக்கு எதற்குக் கைடு?

சென்ற நவம்பரில் ஒரு மொழிபெயர்ப்புக் கருத்தரங்குக்காகச் சண்டிகர் போயிருந்தேன். கடைசி நாள் கூட்டம் மதியத்தோடு முடிந்துவிட்டது. டில்லி ரயில் மறுநாள் காலையில்தான். கூட வந்தவர்கள் எல்லாரும் ஷால் வாங்கக் கிளம்பினார்கள். விடுதி வரவேற்பில் இருந்த பையன், "தனி டூர் இருக்கிறது மேடம். மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை. கார், கைடு, நடுவில் டீ. மூவாயிரம் ரூபாய்" என்றான். ஷாலைவிட மலிவாகத் தெரிந்தது.

வந்தவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கையால் பின்னிய ஸ்வெட்டர், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு வரைபடம். அரசு அலுவலகம் ஒன்றில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவராம். காரில் ஏறியதும் மனப்பாடமாக ஆரம்பித்தார். 1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. பழமையின் சுமை இல்லாத புது ஊர் ஒன்று வேண்டும் என்று நேரு விரும்பினார். முதலில் அமெரிக்கர் ஆல்பர்ட் மேயர் திட்டம் போட்டார். அவருடைய கூட்டாளி நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோனார். பிறகு பஞ்சாப் அதிகாரிகள் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போய் லெ கொர்பூசியேவைப் பிடித்துவந்தார்கள். 1951 பிப்ரவரியில் சிம்லா சாலையில் ஒரு விடுதியில் உட்கார்ந்து, மேயரின் வளைந்த சாலைகளை எல்லாம் நிமிர்த்தி, சில நாளில் ஊரை வரைந்து கொடுத்துவிட்டார் அந்த மனிதர். "காலி நிலம் மேடம்ஜி. வெள்ளைக் காகிதம் மாதிரி. அதில் வரைந்த ஊர் இது."

'காலி நிலம்' என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்க்காரர்களுக்குச் சண்டிகரில் முதலில் தட்டுப்படுவது சத்தம் இல்லாததுதான். எட்டுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில், அதாவது 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்று கட்டம் கட்டமாக செக்டார்கள். பெரிய சாலையைப் பார்த்து எந்த வீட்டுக்கும் வாசல் கிடையாது. மரமும் மதில் சுவரும்தான். ஊருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தாலும், ஊர் எப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

செக்டார் எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. கொர்பூசியேவுக்கு 13 ஆகாது என்று ஊரில் கதை. எண்கள் 12இலிருந்து 14க்குத் தாவின. (2020இல் நிர்வாகம் மணிமாஜ்ராவுக்கு 13 என்று எண் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.) ஆனால் எதிரெதிர் செக்டார்களைக் கூட்டினால் எப்போதும் 13இன் மடங்குதான் வரும் என்றார் கைடு. 4ம் 9ம் 13. 9ம் 17ம் 26. 17ம் 22ம் 39. எனக்குக் கணக்கு வராது என்றாலும் சந்தேகம் வரும். வரைபடத்தை வாங்கி அடுத்ததைக் கூட்டினேன். 22க்கு எதிரே 35. கூட்டினால் 57. "இது இடிக்கிறதே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாற்பது வருஷத்தில் இந்தச் சாலையைத் தாண்டிக் கூட்டிப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்." அதற்கும் அடுத்த 35ம் 43ம் மறுபடி ஒழுங்காக 78 ஆகிவிடுவதைக் கண்டுபிடித்து இருவரும் சமாதானம் ஆனோம்.

கேப்பிடல் வளாகத்துக்குள் நினைத்தபடி போய்விட முடியாது. அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, சுற்றுலாத் துறையின் ஆள் கூட்டிப்போகும் நேரத்தில்தான் போகவேண்டும். என் கைடு வெளியே நின்றுகொண்டார். உயர் நீதிமன்றத்தின் வண்ணத் தூண்கள், பஞ்சாபும் ஹரியானாவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் சட்டமன்றம், கால் கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் தலைமைச் செயலகம். 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. புகைப்படங்களில் தெரியாத ஒன்று கிட்டே போனால் தெரிகிறது: கான்கிரீட்டில் பலகையின் மரவரிகள் அப்படியே பதிந்திருக்கின்றன. பூசி மறைக்கவில்லை. சித்தாள் பெண்கள் தலையில் சுமந்துபோய்க் கொட்டிய கலவை அது. எனக்கு அந்தக் கட்டடங்களில் பிடித்தது அதுதான்.

மற்றபடி, மக்கள் உலவுவதற்காகப் போட்ட அந்த மாபெரும் திடலில் உலவுவதற்கு மக்கள் இல்லை. முள்கம்பியும் காவலர்களும் இருக்கிறார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் இந்தச் செயலக வாசலில்தான் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடன் இன்னும் 17 பேர். அந்த நாள் இன்னும் வளாகத்தைவிட்டுப் போகவில்லை. முள்கம்பிகளுக்கு அந்தப்பக்கம் நிற்கிறது 26 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புக் கை. காற்றடித்தால் மெதுவாகத் திரும்பும். கொர்பூசியே 1965இல் இறந்தார். கை எழுந்தது 1985இல்.

இந்தக் கையைத் தமிழில் எப்படிச் சொல்வது? தொழில் புத்தி விடுவதில்லை. 'திறந்த கை' என்றால் கதவு மாதிரி இருக்கிறது. 'நீட்டிய கை' என்றால் யாசகம். 'விரிந்த கை' பரவாயில்லை, ஆனால் சோதிடருக்குக் காட்டுவதுபோல. கொடுக்கவும் வாங்கவும் திறந்திருக்கும் கை என்பது அவர் சொன்ன பொருள். நமக்கோ கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே. இரண்டுக்கும் ஒரே கை என்றால் கொஞ்சம் சங்கடப்படுகிறோம்.

வெளியே வந்தபோது கைடு டீயோடு காத்திருந்தார். ராக் கார்டன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்றாலும் கொர்பூசியேயும் நெக் சந்தும் இரண்டு கிரகங்கள். நெக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து பிரிவினையில் பெயர்ந்து வந்தவர். 1957 வாக்கில், கட்டடம் கூடாது என்று ஒதுக்கியிருந்த காட்டு நிலத்தில், வேலை முடிந்த பிறகு இரவுகளில் சைக்கிளில் கல்லும் குப்பையும் கொண்டுவந்து ரகசியமாக ஒரு ராஜ்யம் கட்ட ஆரம்பித்தார். கிட்டத்தட்ட 18 வருடம் அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரிந்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் விடவில்லை. 1976இல் பூங்காவாகத் திறந்து, அவருக்கு ஒரு பதவியும் 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் காலமானார்.

நுழைவழிகள் எல்லாம் தாழ்வானவை. குனிந்துதான் போகவேண்டும். உள்ளே உடைந்த வளையல்களால் ஆன பெண்கள், பீங்கான் துண்டுகளால் ஆன குரங்குகள், மட்பானைகளை அடுக்கிய சுவர்கள். பீங்கான் துண்டுகள் வந்த வழி புரிந்தது. புது ஊரில் வாஷ்பேசின் உடையாமல் இருக்குமா? "இத்தனை பானையும் வளையலும் எங்கிருந்து கிடைத்தன?" என்று கேட்டேன்.

"ஊர்களிலிருந்துதான். இடித்த ஊர்கள்."

"காலி நிலம் என்றீர்களே?"

அவர் சிரித்தார். மாட்டிக்கொண்ட சிரிப்பு. "அது டூரில் சொல்வது மேடம்ஜி."

பிறகு, டூரில் சொல்லாததைச் சொன்னார். அவர் தாத்தாவின் ஊர் இந்தக் கட்டங்களில் ஒன்றுக்குள் இருந்தது. எந்த செக்டார் என்று எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக்கூடும் என்பது அவர் கவலை. நிலத்தை எடுத்தபோது அப்பாவுக்குப் பதினைந்து வயது. நஷ்டஈட்டுப் பணத்தில் தாத்தா தெற்கே தள்ளி வேறு நிலம் வாங்கினார். ஊர் பெருத்தபோது அதையும் எடுத்துக்கொண்டார்கள். "அந்த வரைபடத்தில் ஒரு மூலைக்கு மை போட்டது நான்தான். அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். கோடாவது நேராகப் போட்டாயா என்று கேட்டார்."

மட்பானைச் சுவரைக் காட்டி, "இதில் ஒன்று எங்கள் பாட்டியுடையது என்று சின்ன வயதில் என் பெண்ணிடம் சொல்லிவைத்தேன். அவள் ரொம்ப நாள் நம்பினாள்" என்றார். பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். எந்தப் பானை யாருடையது என்று இனிமேல் யார் சொல்ல முடியும்? ஆனால் பிடுங்கி எறியப்பட்ட ஊர்களின் அடுக்களைச் சாமான்களைப் பொறுக்கி எடுத்துவைத்தவர், தானும் ஊர் இழந்து வந்த ஓர் ஆய்வாளர். திட்டம் போட்ட மேதைகள் யாரும் அதைச் செய்யவில்லை. 2025இன் தொடக்கத்தில், உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்தவும் கார் நிறுத்தவும் இந்தத் தோட்டத்துச் சுவரில் ஒரு பகுதியையும் இடித்தார்கள். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது, சுவர் போனது போனதுதான்.

சுக்னா ஏரிக்குப் போனபோது சூரியன் இறங்கிவிட்டது. 1958இல் ஓர் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி. கரைமேல் வண்டிகளுக்கும் ஏரியில் மோட்டார் படகுகளுக்கும் இடமில்லை என்ற விதியால் சத்தமில்லாமல் நடக்க முடிகிறது. பின்னால் சிவாலிக் குன்றுகள். கொர்பூசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ஜான்னரே ஏறத்தாழ 15 வருடம் இங்கேயே தங்கி வேலை பார்த்தவர். அவருடைய விருப்பப்படி அவர் அஸ்தியை இந்த ஏரியில்தான் கரைத்தார்கள். அலுவலகங்களுக்காக அவர் வடிவமைத்த மர நாற்காலிகளைப் பழைய சாமான் என்று அரசாங்கம் ஏலம் போட, அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின. "நான் உட்கார்ந்து முதுகு வலித்த நாற்காலி அது" என்றார் கைடு.

செக்டார் 17 சந்தைத் திடலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு காலத்தில் ஊரே மாலையில் அங்கேதான் கூடுமாம். 2013இல் பெரிய மால் ஒன்று வந்தபிறகு கூட்டம் அங்கே போய்விட்டது. பலூன்காரர்கள் மிச்சம்.

எட்டு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. "விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு நிமிஷம்" என்று டிரைவரிடம் சொல்லி, ஒரு செக்டாரின் உட்சாலையில் நிறுத்தச் சொன்னார். இருபக்கமும் ஒரே உயர வீடுகள். முதலமைச்சரிலிருந்து பியூன் வரை 13 தரமாகப் பிரித்து வீடு கட்டினார்களே, அதில் நடுத் தரம். அங்கேயும் 13தான்! சாலை அந்த இடத்தில் மட்டும் லேசாக ஒதுங்கிப் போனது. ஒதுங்கியது ஓர் அரச மரத்துக்காக. அடியில் சிமென்ட் மேடை, அணைந்துபோன இரண்டு அகல், யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்.

"இதுதான் எங்கள் ஊர்" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: பாட்டி கடைசிவரை செக்டார் எண் சொன்னதில்லை. கிணற்றுக்கு மேற்கே, கரும்புக் கொல்லைக்கு அந்தாண்டை என்றுதான் வழி சொல்வாள். ஆட்டோக்காரன் விழிப்பான். வாடிக்கையாளர்களை ஏன் இங்கே கூட்டிவருவதில்லை என்றேன். "ஒருமுறை கூட்டிவந்தேன். நேரமாகிறது, கொர்பூசியே வீடு ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார்கள். அவர்கள் காசு கொடுப்பது அதற்குத்தானே? கோபித்துக்கொள்ள முடியாது." வருத்தமாகச் சொல்லவில்லை, தொழில் விவரமாகச் சொன்னார். தாத்தாவின் நிலத்தை எடுத்த ஊர்தான் தனக்கு வேலையும் பென்ஷனும் கொடுத்தது, மகளை டாக்டர் ஆக்கியது என்பதையும் அதே குரலில் சேர்த்துக்கொண்டார்.

விடுதி வாசலில் மூவாயிரத்தைக் கொடுத்தேன். மேலே ஐந்நூறு கொடுத்தபோது வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் கை தயங்கியது, பிறகு வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். அச்சடித்த தாளில் பார்த்த இடங்களுக்கு எதிரே டிக் அடித்துத் தந்தார்: கேப்பிடல் வளாகம், ராக் கார்டன், சுக்னா ஏரி, செக்டார் 17. "ஐந்தாவது இடம் விட்டுப்போய்விட்டதே" என்றேன். கொஞ்சம் யோசித்து, அடியில் இந்தியில் எழுதினார்: அரச மரம், பத்து நிமிடம்.

பயணச் செலவுக் கணக்கில் அந்த ரசீதைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடைசி வரி என்ன என்று கேட்டுக் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.