தொப்பி ஊசிக்கு அளவு பார்த்த ஊர்!

1903, மே மாதம். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் கூட்டம் நிரம்பிய குதிரை வண்டி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. கான்சாஸிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த லியோட்டி பிளேக்கர் என்ற இளம்பெண்ணும் அதில் இருக்கிறார். பக்கத்தில், பார்த்தால் மரியாதை கொடுக்கத் தோன்றும் ஒரு பெரியவர். வண்டி குலுங்கும்போதெல்லாம் நெருங்கி நெருங்கி வந்தவர், கடைசியில் லியோட்டியின் முதுகில் கையைப் போட்டார். தொப்பியிலிருந்த ஊசியை உருவி அந்தக் கையில் ஒரே குத்து! அலறிய பெரியவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

டவுன் பஸ்ஸில் கையில் ஊக்கோடு ஏறிய அம்மாக்களும் அக்காக்களும் இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால், லியோட்டியின் ஊசி ஊக்கு சைஸ் இல்லை. கிட்டத்தட்ட ஓர் அடி. பென்சில் பாக்ஸில் நுழையாத பெரிய ஸ்கேல் இருக்குமே, அந்த நீளம்.

அத்தனை நீளம் எதற்கு? அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்கள் 'பானெட்' தொப்பியை ரிப்பனால் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ரிப்பன் இல்லாத தொப்பிகள் வந்துவிட்டன. கூடவே, கூந்தலுக்குள் சவுரி வைத்து உப்பலாகத் தூக்கிக் கட்டுவதும் ஃபேஷனானது. அதன் மேல் தொப்பி நிற்க வேண்டுமென்றால், ஒரு பக்கம் குத்தி, கூந்தலுக்குள் நுழைத்து, மறுபக்கம் ஊசியை வெளியே எடுக்க வேண்டும். 1907-ல் லண்டனில் 'தி மெர்ரி விடோ' இசை நாடகத்தில் நடிகை லில்லி எல்சி, டிசைனர் லூசில் உருவாக்கிய அகலமான தொப்பியோடு மேடையேறினார். அவ்வளவுதான், ஊரெல்லாம் அதே தொப்பி! தொப்பி விரிய விரிய ஊசியும் நீண்டது.

ஊசியின் தலைப்பகுதியில்தான் அலங்காரமெல்லாம். வெள்ளி, கண்ணாடி, எனாமல் என விதவிதமாகச் செய்தார்கள். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் சார்லஸ் ஹார்னர் நிறுவனம் வெள்ளி ஊசிகளுக்குப் பெயர்போனது. பிரான்ஸின் நகைக் கலைஞர் ரெனே லாலிக்கும் செய்திருக்கிறார். ஊசிகளைச் செருகி வைக்க டிரஸ்ஸிங் டேபிளில் ஒரு பீங்கான் குடுவை இருக்கும். மேலே சின்னச் சின்ன ஓட்டைகள். முதன்முதலில் போட்டோவில் பார்த்தபோது மிளகுத்தூள் டப்பா என்றே நினைத்தேன்!

லியோட்டிக்குக் கைதட்டிய காலம் சீக்கிரமே மாறியது. கூட்டமான டிராமில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அடுத்தவர் கன்னத்தைக் கீறுகிறது, கண்ணைக் குத்துகிறது என்று புகார்கள் வந்தன. அந்த ஆபத்து உண்மைதான். முனைக்கு மூடி போட்டிருந்தாலே பாதி பிரச்னை தீர்ந்திருக்கும். அப்படி மூடிகளும் விற்பனையில் இருந்தன. ஆனால், சிகாகோ நகர மன்றம் கையிலெடுத்தது நீளத்தை. 1910 மார்ச்சில், ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஊசி அணிந்தால் 50 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். ஆதரவு 68, எதிர்ப்பு 2.

அந்த 70 பேருமே ஆண்கள். அந்த நகரப் பெண்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு கிடைத்ததே 1913-ல்தான். 'எங்கள் ஊசியைப் பிடுங்க வேண்டுமென்றால், முதலில் தெருக்களைப் பாதுகாப்பானதாக மாற்றுங்கள்' என்று விவாதத்தின்போதே ஒரு பெண் எழுந்து கேட்டார். சட்டம் நிறைவேறுவதை அந்தக் கேள்வி தடுக்கவில்லை. வேறு சில நகரங்களும் சிகாகோவைப் பின்பற்றின. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1912-ல் 60 பெண்கள் இதே ஊசி விவகாரத்தில் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்கே போனார்கள்.

கடைசியில் ஊசியை ஒழித்தது சட்டம் இல்லை, கத்தரிக்கோல். முதல் உலகப்போருக்குப் பிறகு 'பாப் கட்' வந்தது. தலையை ஒட்டி உட்காரும் 'க்ளோஷ்' தொப்பியும் வந்தது. ஊசியைச் செருகக் கூந்தலே இல்லை!

இப்போது இந்த ஊசிகளைச் சேகரிப்பவர்கள் நிறைய பேர். ஆன்லைனில் வாங்க ஆசையா? பழைய பட்டனையோ மணியையோ புதுக் கம்பியில் ஒட்டி 'ஆன்டிக்' என்று விற்பவர்களும் உண்டு. தலைப்பகுதியும் கம்பியும் சேரும் இடத்தை ஜூம் செய்து பாருங்கள். புதுப் பசை பளபளத்தால், அடுத்த போட்டோவுக்கு நகர்ந்துவிடுங்கள்.