வீட்டிலும் ஒரு வழங்கி

மாணவர்களே! இணையம் வானில் மிதப்பதன்று. கேட்பவர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்தளிக்கும் கணினியே வழங்கி; சர்வர் என்பதும் அதுவே. 1990ஆம் ஆண்டில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீ தம் மேசைக் கணினியையே உலகின் முதல் வலை வழங்கியாக்கினார். அதனை அணைக்கலாகாது என்று அதன்மேல் சீட்டும் ஒட்டினார்.

நும் வீட்டுக் கணினியும் அப்பணி ஆற்றும். அப்பாச்சி என்னும் இலவச மென்பொருளை நிறுவி இயக்கி, உலாவியில் 127.0.0.1 என இடுக. அவ்வெண் அக்கணினியையே குறிக்கும். கேட்பதும் கொடுப்பதும் அதுவேயாதல் காண்பீர். ஆயினும், காவல் முறை கல்லாமல் அதனை உலகுக்குத் திறந்துவிடாதீர்.

நம் கடிதமும் கணக்கும் இன்று பிறர் வழங்கிகளில் வாழ்கின்றன. வழங்கியின் இயல்பறியாது அவற்றை ஒப்படைத்தல் அறிவுடைமையாகுமோ? விடுதியில் உண்பவனும் ஒருமுறை உலைவைத்துப் பழகுதல் நன்று.